‘தண்ணி’க்குப் பின்னால் வந்த சொல்

அன்று அங்கே இருந்தவர்கள் ஐந்து பேர். வண்டி டிரைவர், எங்களுக்கு மூத்த ஃபயர்மேன், நான், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடை அண்ணாச்சி, அவருடைய சரக்கு மாஸ்டர். தெருவில் நின்று யோசனை சொன்னவர்களைச் சேர்க்கவில்லை. தீயும் இருந்தது, ஆனால் ஆறாவதாகச் சொல்லும்படி இல்லை.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குக் கிடைத்த அரசாங்க வேலை. அது நிரந்தரமாகும் வரை யாரும் என்மேல் புகார் எழுதிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. தீயிடம் அவ்வளவு பயமில்லை. அதற்கு எழுதத் தெரியாது.

ஸ்ரீவில்லிபுத்தூர் தீயணைப்பு வண்டி ஒரு வைக்கோற்போருக்குப் போயிருந்ததால் ராஜபாளையத்திலிருந்து நாங்கள் மணியடித்துக்கொண்டு போனோம். அடுப்பருகே அடுக்கியிருந்த விறகு பற்றியிருந்தது. மணலை அள்ளிப் போட்டுப் பாதியை அணைத்துவிட்டு, மாஸ்டர் மறுபடியும் துடுப்பைப் பிடித்திருந்தார். கல்யாண ஆர்டர். இறுகி வரும் பதம்.

எங்களிடம் ஒரு பழக்கம். குழாய் முனையைப் பிடித்திருப்பவன் “தண்ணி!” என்று கத்தினால், வெளியே பம்பருகே நிற்கும் டிரைவர் திறந்துவிடுவார். கத்தியது யாரென்று பார்க்க மாட்டார். நான் குழாயோடு நுழைவதைக் கண்டு அண்ணாச்சி அலறினார்.

“தண்ணி அடிச்சிராதீய!”

தமிழில் ‘வேண்டாம்’ கடைசியில்தான் வருகிறது. டிரைவருக்கு முதல் சொல்லே போதுமானதாக இருந்தது.

அந்தக் காலத்துக் குழாய் முனையில் மூடும் திருகு கிடையாது. திறந்தவர்தான் மூட வேண்டும். விறகு அணைந்தது, அடுப்பு அணைந்தது, சட்டி நிரம்பி வழிந்தது. மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, காலையில மாடு கறந்ததைவிட இப்பம் கூட இருக்கு.”

“தீ தின்னாலும் வெறகைத்தாம்வே தின்னிருக்கும்! புகார் எழுதுதேன் பாரு!” என்ற அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். “ஏலே, தீக்குப் பக்கத்துல நிக்கும்போது வேர்க்கலை. இப்பம் ஏன் வேர்க்குது?”

மூத்தவர் குறுக்கே வந்தார். “அவன் புதுசு அண்ணாச்சி, வேலை போயிரும். சரக்குக்கு நாங்க மூணு பேரும் காசு தந்துருதோம். எம்புட்டு?”

முந்நூறில் முடிந்தது. மாதாமாதம் மூவரும் போட்டோம். பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுப்பது என் பங்கு. ஒவ்வொரு தடவையும், “புகார் எழுதலையே அண்ணாச்சி?” என்று கேட்பேன். “பேனாவைத் தேடுதேன்” என்பார்.

கடைசிப் பத்து ரூபாயை நீட்டியபோது அவர் கையை நீட்டவில்லை.

“இதையும் வாங்கிட்டா நீ யாரோ நான் யாரோ. கெடக்கட்டும். நாளைக்குப் பொகை வந்தா, பாக்கி வச்சிருக்கவன்தாம்லே மொத ஆளா வருவான்.”

“அப்பம் புகார்?”

“அதுவும் கெடக்கட்டும்.”

பிறகு எத்தனையோ தடவை நீட்டிப் பார்த்தேன், வாங்கவில்லை. என் வேலை நிரந்தரமாயிற்று. பாக்கியும்தான்: பத்து ரூபாய்.