பாட்டில் அக்காவின் ஆறு முட்டைகள்

பள்ளிக்கூடத்தில் அவளை எல்லோரும் பாட்டில் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். உயிரியல் ஆய்வகத்தில் இருபத்தாறு வருடமாக உதவியாளர். ஃபார்மலின் பாட்டில்களில் மிதக்கும் தவளை, பாம்பு, நட்சத்திர மீன் எல்லாவற்றுக்கும் தூசி துடைத்து, சீட்டு ஒட்டி, மூடி இறுக்குவது அவள் வேலை. அத்தனை ஜீவன்களும் அவள் கைக்கு வந்தது உயிர் போன பிறகுதான். ஒன்றே ஒன்றாவது கண்முன்னால் பிறப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை. ஆசை என்பதைவிட அரிப்பு என்று சொல்லலாம், சொறியாமல் விடாது.

அதனால் ஒரு தெர்மாகோல் பெட்டியில் பல்பு மாட்டி, ஆறு கோழி முட்டைகளுக்குப் பென்சிலால் எண் போட்டு உள்ளே வைத்தாள். பெட்டிக்குள் எப்போதும் முப்பத்தெட்டு டிகிரி சூடு இருக்க வேண்டும். அதை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தாள். புயல் எச்சரிக்கை வந்து பள்ளியை மூடியபோது, மற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓட, இவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தாள். குஞ்சு பொரிக்க இருபத்தொரு நாள், அன்று பத்தொன்பது.

மறுநாள் காலை பத்து மணிக்குப் புயல் வந்துவிட்டது. ஜன்னலுக்குப் பலகை அடித்தாயிற்று. வாளி, குடம், குக்கர் வரை தண்ணீர் பிடித்தாயிற்று. மெழுகுவத்தி, டார்ச் பேட்டரி எல்லாம் தயார். பல்பு அணைந்தால் முட்டை என்ன ஆகும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

மின்சாரம் போன ஒரு மணி நேரத்தில் பெட்டிக்குள் முப்பத்துநான்கு டிகிரி. வெந்நீர் பாட்டில் வைத்தாள், நாற்பத்திரண்டுக்கு ஏறியது. எடுத்தாள், மறுபடி இறங்கியது. வெளியே யார் வீட்டுத் தகரமோ தெருவில் உருண்டுகொண்டிருந்தது. உள்ளறையில் பஸ் டிரைவரான அவள் கணவர் மூன்று நாள் காய்ச்சலில் போர்வைக்குள் முனகிக்கொண்டிருந்தார். அவர் நெற்றியைத் தொட்டவள் அப்படியே நின்றாள். பிறகு பெட்டிக்குள் இருந்த தெர்மாமீட்டரை எடுத்துத் துடைத்து, அவர் அக்குளில் வைத்தாள். முப்பத்தெட்டு புள்ளி இரண்டு.

"ஏங்க, ரெண்டு நாள் அசையாம படுத்திருப்பீங்களா?"

"காய்ச்சக்காரன் வேற என்ன செய்வான்?"

முட்டைகளைக் கம்பளிக் குல்லாவுக்குள் அடுக்கி அவர் வயிற்றோடு அணைத்து வைத்தாள்.

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கறதுன்னு சொல்லுவாங்க" என்றார் அவர். "நீ என்னை அடைக்கோழியாவே ஆக்கிட்டே."

"அம்பது பேரை ஏத்திக்கிட்டு பத்திரமா ஓட்டுறவருக்கு ஆறு பேர் பாரமா?"

"நிக்கற ஆளு யாரும் இல்லையே? அப்போ சரி."

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அரை மணிக்கொரு தடவை குல்லாவில் காது வைத்துக் கேட்டாள். மூன்று மணிக்கு நாலாம் நம்பருக்குள் நகத்தால் கீறுவதுபோல ஒரு சத்தம். ஓடிப்போய் நோட்டை எடுத்து எழுதினாள்: "2 மணி, 38.2. 3 மணி, 38.9. நல்லது."

எழுதியதை மறுபடி படித்தாள். கட்டில் பக்கத்தில், மத்தியானம் கொடுக்க வேண்டிய மாத்திரை அப்படியே இருந்தது. மறந்துவிட்டேன் என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். மறக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். கட்டிய புருஷனின் காய்ச்சலுக்குப் பக்கத்தில் நல்லது என்று எழுதியிருக்கிறாள். வெட்கத்தில் அந்த வார்த்தையை அடித்த அடியில் தாளே கிழிந்தது.

"இந்தாங்க, முழுங்குங்க."

"சூடு இறங்கிடுமே. உன் கோழி?"

"போனா போகட்டும். வாயைத் திறங்க."

சாயங்காலம் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. சட்டையை மாற்றிவிட்டு, குல்லாவை எடுத்துத் தன் வயிற்றோடு புடவையால் சுற்றிக் கட்டிக்கொண்டாள். தெர்மாமீட்டரை முட்டைக்கு வைத்துப் பார்க்கவில்லை. பார்த்து என்ன செய்ய? சுவரில் சாய்ந்தபடியே எப்போது தூங்கினாள் என்று தெரியாது.

"எந்திரி, எந்திரி. உன் வயித்துக்குள்ள யாரோ சத்தம் போடறாங்க."

பலகை இடுக்கு வழியாக வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. காற்று ஓய்ந்திருந்தது. கணவர் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். நாலாம் நம்பரில் மிளகளவு ஓட்டை. அதற்குள் ஒரு மூக்கு. இருவரும் ஒன்றரை மணி நேரம் பார்த்தார்கள். ஓடு இரண்டாகப் பிளந்து, நனைந்து, அவலட்சணமாக, உயிரோடு ஒன்று குல்லாவுக்குள் விழுந்தது. மற்ற ஐந்திலும் அசைவில்லை. அவள் அழுதாள்.

நேரத்தைக் குறிக்க நோட்டைத் திறந்தாள். கிழிந்த இடத்துக்குக் கீழே, டிரைவர்களுக்கே உரிய கோணல் எழுத்தில் ஏற்கெனவே ஒரு வரி இருந்தது:

"காலை 5 மணி. டிரைவர், 36.6. நல்லது."