போடாத வாக்கு

விம்பிள்டன் ரயில் நிலையம். தேர்தலுக்கு மறுநாள் காலை. கருத்துக்கணிப்புகளைப் பொய்யாக்கி, பிரதமரின் கட்சியே மறுபடியும் வென்றிருக்கிறது. பக்கத்தில் நிற்கும் யாழ்ப்பாணத்துக்காரர் முகம் வாடியிருக்கிறார்.

"நீங்க யாருக்குப் போட்டீங்க?" என்று கேட்கிறேன்.

"நான் போகேல்லை, அண்ணை. எதிர்க்கட்சி வெல்லுறது நிச்சயம் எண்டு எல்லாரும் சொன்னவை. ஷிப்ட் முடிஞ்சு வந்து நித்திரையாப் போனன்."

அவர் தொகுதியில் தோற்ற எதிர்க்கட்சி வேட்பாளர் ஒரு பெண்மணி. கடிதம் மேல் கடிதம் எழுதி, இவர் மனைவிக்கு விசா கிடைக்கச் செய்தவர் அவர்தானாம்.

"இப்ப வழியில அவவைக் கண்டனான். வோட்டுப் போட்டதுக்கு நன்றி எண்டு என்ரை கையைப் பிடிச்சுச் சொன்னா."

"நீங்க?"

"தலையாட்டிப்போட்டன், அண்ணை."

ரயில் வருகிறது. அவர் ஏறவில்லை. வந்த வழியே திரும்பி ஓடுகிறார். அந்தப் பெண்மணியைக் கண்டுபிடித்தாரா, தெரியவில்லை.