இந்த லைன் அறுந்து தொலைந்தால்தான் என்ன?

போன ஞாயிற்றுக்கிழமை என் உள்ளங்கையை ஒரு நூல் அறுத்துவிட்டது.

சரியாகத்தான் படித்தீர்கள். நூலை அறுக்கப் போனவள் நான். அது முந்திக்கொண்டது!

தூண்டில் நூல். பிரேசர் டவுனில் தூண்டில் சாமான் விற்கிற கடையில் நான் வேலை பார்ப்பது, இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவள். ஆனால் ராடு, ரீல், கொக்கி பற்றித் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கடைக்குப் புதுச் சரக்கு எது வந்தாலும் ஏரிக்குப் போய் வீசிப் பார்த்து, விற்கலாமா வேண்டாமா என்று சொல்வதும் என் வேலைதான். முதலாளி பாய்க்கு முட்டி வலி. சேற்றில் இறங்க மாட்டார்.

சனிக்கிழமை பாய் ஒரு சின்ன டப்பாவை என் முன்னால் வைத்தார். உள்ளே பச்சை நிறத்தில் பின்னல் லைன். சடை பின்னுகிற மாதிரி மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்தது.

“மல்டி பாலிமர்” என்றார்.

“அப்டின்னா இன்னா பாய்?”

“எனக்கு இன்னா தெரியும்? டப்பா மேல போட்டிருக்கான். நாலஞ்சு தினுசு பிளாஸ்டிக்க ஒண்ணா சேத்துப் பின்னியிருக்கானாம். ரப்பர் தவளை போட்டு விரால் புடிக்கிற ஐ.டி. பசங்கல்லாம் இதத்தான் கேக்குறாங்க. திங்கக்கெழம நான் ஆர்டர் சொல்லணும். நீ போயி அடிச்சுப் பாத்துட்டு வந்து ஒரே வார்த்தை சொல்லு பேட்டா. ஹவ்வா, நக்கோவா?”

ஒரே வார்த்தை! ஆமாவா, இல்லையா… அவ்வளவுதான் கேட்டார். ஆனால் எனக்கு இப்போதெல்லாம் எதைப் பற்றியும் ஒரே வார்த்தையில் சொல்ல வருவதில்லை.

வீட்டு நிலவரம் அப்படி.

அம்மா போய் நாலு மாதம் ஆகிறது. இங்கே எழுத வேண்டாம் என்றுதான் இத்தனை வாரமும் மீன், கொக்கி, கஸ்டமர் என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். இனி முடியாது. அம்மா டெய்லர். மர்பி டவுனில் எங்கள் வீட்டு முன்னறையில் அவள் தையல் மிஷின் அப்படியே நிற்கிறது. ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்துகூட ஜாக்கெட் தைக்க வருவார்கள். இப்போது அந்த அறையில் நான், அப்பா, மிஷின். மூன்று பேர்.

அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். மிஷினை அத்தை மகள் ரோசிக்குக் கொடுத்துவிடலாம் என்றார். “கண்ணு முன்னாடியே நிக்குது. என்னால முடியல.”

“நான் குடுக்க மாட்டேன்” என்றேன்.

“உனக்குத் தைக்கத் தெரியுமா? பட்டன் போனா ஊக்கு குத்திகினு போறவ நீ!”

“தெரியலன்னா இன்னா? இருக்கட்டும்.”

அதோடு பேச்சு நின்றது. ஒரே வீட்டில் இரண்டு பேர், சொல்ல வேண்டியதையெல்லாம் சுவரைப் பார்த்துச் சொன்னோம். “சாம்பார் கொதிக்குது” – நான், சுவரிடம். “கேஸ் ஆஃப் பண்ணியாச்சு” – அவரும் சுவரிடம். இதற்குள் ரோசிக்குப் போனும் போட்டுவிட்டார். திங்கட்கிழமை காலை டெம்போவோடு வருகிறாள்.

மிஷின் போய்விட்டால் நான் அப்பாவிடம் எந்த முகத்தோடு பேசுவது? போகவில்லை என்றால் அவர் என்னிடம் எப்படிப் பேசுவார்? இருப்பதே இரண்டு பேர். யோசித்து யோசித்துத் தலைதான் சுற்றியது.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அப்பா சுவரிடம் சொன்னார்: “யாருக்காச்சும் ஏரிக்குப் போவணும்னா வண்டி இருக்குது.”

நானும் சுவரிடம் “சரி” என்றேன்.

ஹொஸ்கோட்டே பக்கத்து ஏரி. அப்பா கரையில் ஆட்டோவை நிறுத்திவிட்டு, யாரோ சவாரியை இறக்கிவிட்டவர் மாதிரி வேறு பக்கம் பார்த்தபடி நின்றார். நான் முழங்கால் தண்ணீரில் இறங்கி ரப்பர் தவளையை வீசினேன்.

அடேங்கப்பா! ஆம்பல் இலைகளையெல்லாம் தாண்டி எங்கேயோ போய் விழுந்தது. எனக்கு வாயெல்லாம் பல். ஹவ் பாய், ஹவ்!

ரீலைச் சுற்ற ஆரம்பித்ததும்தான் குழப்பம் ஆரம்பித்தது. பழைய நைலான் லைன் – நம் ஆட்கள் தங்கூசி என்பார்கள் – இழுத்தால் கொஞ்சம் நீளும். அதனால் தண்ணீருக்குள் நடக்கிற சின்ன விஷயமெல்லாம் கைவரைக்கும் வராது. மீன் கடித்தால்தான் தெரியும். இந்த மல்டி பாலிமர் நீளவே மாட்டேன் என்கிறது. இலை உரசினால் தெரிகிறது. தண்டு இடித்தால் தெரிகிறது. ஒவ்வொன்றும் மீன் மாதிரியே இருக்கிறது! நானும் ஒவ்வொன்றுக்கும் ராடைச் சுண்டினேன். ஒரு விரால் நிஜமாகவே வந்து வாய் வைத்தது. அதற்கும் சுண்டிய வேகத்தில் கொக்கி அதன் வாயிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது.

எது கடி? எது வெறும் இலை?

நாலு மாதமாக எனக்கு வீட்டிலும் இதே கதைதான். எதிர் வீட்டில் மிக்ஸி ஓடினால் தையல் மிஷின் மாதிரி கேட்கிறது. கடையில் தங்கூசியைப் பல்லால் கடித்து அறுக்கும்போது, நூலைப் பல்லால் கடிக்கிற அம்மா. பஸ்ஸில் முன் சீட்டுப் பெண்ணின் ஜாக்கெட்டில் முதுகுத் தையல் கோணல்… அதற்கும் அழுகை வருகிறது. எதற்கு அழ வேண்டும், எதைச் சும்மா விட்டுவிட வேண்டும்? யாராவது சொல்லுங்களேன்.

அப்போது ஒரு பெரிய இழுப்பு. ராடு வில்லாக வளைந்தது.

“மீனு டீ! வுடாத, இழு இழு!”

அப்பா! சுவரிடம் இல்லை… என்னிடம்!

இழுத்தேன். மீனாவது ஒன்றாவது? தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்த மரக்கட்டையில் தவளை மாட்டியிருக்கிறது. தங்கூசியாக இருந்தால் கவலையே இல்லை. வெடுக்கென்று ஓர் இழு. அறுந்துவிடும். ஒரு தவளை போச்சு, வேறொன்றைக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கலாம். இது அறுந்தால்தானே? லைனைக் கையில் சுற்றிக்கொண்டு பலமாக இழுத்தேன்.

உள்ளங்கையில் சுரீர் என்றது. பார்த்தால் ரத்தம்.

அப்பா பேன்ட்டைக்கூட மடிக்காமல் சேற்றில் ஓடி வந்தார். கர்ச்சீப்பால் கையைக் கட்டினார். “நூலா டீ இது, கத்தி!” என்று ராடைப் பிடுங்கி, லைன்மேல் இருந்த கோபத்தில் தலைக்கு மேல் தூக்கி ஓர் இழு இழுத்தார்.

டப்!

லைன் இல்லை. ராடு. பாய் கடை ராடு! முறிந்த நுனி லைனிலேயே சறுக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் விழுந்தது. லைன் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி விறைப்பாக நின்றது.

அப்பா பல்லால் கடித்துப் பார்த்தார். நான் கடித்துப் பார்த்தேன். பல் வலித்ததுதான் மிச்சம். அப்பனும் மகளும் முழங்கால் தண்ணீரில், வாயில் ஆளுக்கொரு பக்கம் நூலோடு நிற்கிறோம்… அப்பா சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

“உங்கம்மா இருந்திருந்தா இன்னா சொல்லியிருப்பா, தெரியுமா?”

தெரியாமலா?

ரிச்சர்ட்ஸ் டவுன் டீச்சர் ஒருவர் ஒருமுறை கோபமாக வந்தார். கல்யாண வீட்டில் கையைத் தூக்கினபோது பட்டு ஜாக்கெட்டின் அக்குள் தையல் விட்டுப் போச்சாம். எல்லார் முன்னாலும் மானம் போச்சாம். அம்மா அசரவே இல்லை. “நூலுதானே டீச்சர் அறுந்துச்சு? சந்தோஷப்படுங்க! நூலு கெட்டியா இருந்திருந்தா பட்டு கிழிஞ்சிருக்கும். நூலுன்னா இப்பவே தச்சுக் குடுத்துடுவேன். பட்டுக்கு நீங்க எங்க போவீங்க?” சண்டை போட வந்த டீச்சர், குழம்பிப்போய் தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் போனார்!

“அது சால்ஜாப்பு டீ” என்றார் அப்பா, சிரித்துக்கொண்டே. “சிக்பேட்டேல எது மலிவோ அந்த நூலத்தான் வாங்கிகினு வருவா. கேட்டா இந்தக் கதை!”

“இல்லப்பா, அம்மா சொன்னது நெஜம்தான் போல. இது மொதல்லயே அறுந்திருந்தா என் கையும் தப்பிச்சிருக்கும், ராடும் தப்பிச்சிருக்கும்ல?”

அப்பா கையிலிருந்த பாதி ராடைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. கரைக்குப் போய் ஈரப் பேன்ட்டோடு அப்படியே உட்கார்ந்தார்.

“தெனம் காலைல எந்திரிச்சு அந்த மிஷினப் பாத்து ‘டீ போடவா’ன்னு கேக்குறேன் டீ. கேட்டப்புறந்தான் ஞாபகம் வருது. தெனமும். அதான்… தூக்கிக் குடுத்துட்டா கேக்க மாட்டேன்ல?”

அழுதார். ஆட்டோ ஸ்டாண்டையே அதட்டுகிற மனுஷன். அம்மாவை மறக்க இவருக்கு என்ன இவ்வளவு அவசரம் என்று இத்தனை நாளும் உள்ளுக்குள் கருவிக்கொண்டிருந்தவள் நான். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“குடுத்துடலாம்ப்பா” என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

“வேணாம், வேணாம். இருக்கட்டும். நீ ஆசையா கேட்ட.”

“இல்லப்பா, குடுத்துடு. ரோசியாவது தைக்கட்டும்.”

“ஏன் டீ, இப்பத்தான வேணாம்னு சொல்றேன்? காது கேக்கல?”

பார்த்தீர்களா கூத்தை? சண்டை அதேதான். ஆட்கள்தான் பக்கம் மாறிவிட்டோம்!

லைன் என்ன ஆச்சு என்கிறீர்களா? கிளம்பும்போது அப்பா பாக்கெட்டிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். ஒரு குச்சியைக் கிழித்து லைனுக்கு அடியில் காட்டினார். கத்தி மாதிரி நின்ற மல்டி பாலிமர், சுருங்கி, உருகி, பொசுக்கென்று விட்டுவிட்டது.

“பீடிய வுட்டுட்டேன்னு அம்மாகிட்ட சத்தியம் பண்ணியே… தீப்பெட்டி எப்படி?”

“மெழுகுவத்தி ஏத்துறதுக்கு டீ” என்றார், ஏரியைப் பார்த்துக்கொண்டு.

திங்கட்கிழமை ரோசி வந்து இறங்கினாள்.

“தூக்கலாமா மாமா?”

“அவளக் கேளும்மா.”

“என்னக் கேக்காத ரோசி, அப்பாவக் கேளு.”

“மாமா?”

“அவதான் சொல்லணும்.”

ரோசி இடுப்பில் கை வைத்தாள். “சும்னே, வெட்டியா டெம்போ புடிச்சுகினு வந்தேன் பாரு! மொதல்ல அப்பனும் பொண்ணும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. அப்புறம் எனக்குப் போன் பண்ணுங்க!” டீயை மட்டும் குடித்துவிட்டுக் காலி டெம்போவில் போய்விட்டாள்.

அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். முடிவு வரவில்லை. பேச்சு வந்துவிட்டது. சுவருக்கு லீவு.

கடைக்குப் போனேன். பாய் என் கைக்கட்டைப் பார்த்தார். பாதி ராடைப் பார்த்தார். “யா அல்லா! ஏரிக்குப் போனியா, யுத்தத்துக்குப் போனியா? சொல்லு. ஹவ்வா, நக்கோவா?”

“லைன் ரொம்ப ஸ்ட்ராங்கு பாய்.”

“அப்ப ஹவ்.”

“அதான் பாய் பிரச்சனை.”

“அப்ப நக்கோ?”

“அதுவும் இல்ல பாய். இத வாங்குறவங்களுக்கு முனையில ஒரு முழம் சாதா தங்கூசி கட்டிக் குடுங்க. கட்டையில மாட்டிக்கிச்சுன்னா அது மட்டும் அறுந்துடும். கை, ராடு, எல்லாம் தப்பிக்கும்.”

பாய் மோவாயைச் சொறிந்தார். “ஸ்ட்ராங் லைன் வேணும்னு வர்றவன்கிட்ட, அறுந்து போற லைனையும் சேத்து விக்கச் சொல்ற. பேட்டா… நீ என் வீட்ல பொறந்திருக்கணும்!”

ஆர்டர் போய்விட்டது. இரண்டு லைனுக்கும்.

ஒரே வீட்டில் இரண்டு பேர் இருந்தால் இழுபறி இருக்கத்தான் செய்யும். எங்காவது ஓரிடத்தில் அறுந்துதான் ஆக வேண்டும் என்றால், திரும்ப முடிச்சுப் போடக்கூடிய இடமாகப் பார்த்து அறுந்துவிடுவது நல்லது. மற்றதெல்லாம் கிழியாமல் இருக்கும். இது எனக்குப் புரிகிற மாதிரி இருக்கிறது. அம்மாதான் புரியவில்லை. துணி கிழியக் கூடாது என்றுதான் அந்த நூலை வாங்கினாளா? இல்லை, மலிவு என்று வாங்கிவிட்டு டீச்சரிடம் சாமர்த்தியமாகப் பேசினாளா? கேட்கலாம் என்றால் ஆள் இல்லை.

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். கையில் கட்டு இருப்பதால் இந்த வாரம் நான் சொல்லச் சொல்ல அப்பாதான் எழுதுகிறார். மிஷின் பலகைமேல் பேப்பரை வைத்துக்கொண்டு. ஏரிக்கரையில் அழுத இடம் வந்ததும், ‘கண்ணுல தூசி விழுந்துச்சுன்னு போட்டுக்கறேன்’ என்றார். விடவில்லை நான். இப்போது மறுபடியும் பேனாவை நிறுத்திவிட்டார்.

“மலிவு நூலுன்னு சொல்லாத டீ. மெல்லிசு நூலுன்னு சொல்லு.”

சரிப்பா. மெல்லிசு.