ஆயாக்கொட்டாய் அன்னம்மா

குழந்தையை வாங்கும்போது அன்னம்மா தாயின் முகத்தைப் பார்ப்பதில்லை. பிள்ளையின் உச்சந்தலையில் மூக்கை வைத்து ஓர் இழுப்பு இழுப்பாள். "ராத்திரி பூரா வேர்த்திருக்கான். கொசுவலைக்குள்ள போட்டு அவிச்சியா?" என்பாள். தாய் வாயைத் திறப்பதற்குள் பிள்ளை அவள் தோளுக்கு ஏறியிருக்கும்; அடுத்தவள் தன் பிள்ளையை நீட்டிக்கொண்டு நிற்பாள். ஊரடங்கு முடிந்ததும் ரப்பர் பால் வெட்டுக்கு ஓட வேண்டிய அவசரம் அவர்களுக்கு. கம்பிவேலிக் கேட்டில் முந்தானையை உதறிப் பார்த்துத்தான் வெளியே விடுகிறார்கள். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்கு ஒரு கவளம் சோறுகூடப் போய்விடக் கூடாதாம்.

மலாயாவில் அலோர் காஜாவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு நடுவில் தகரக்கூரை போட்ட நீளக் கொட்டகைதான் ஆயாக்கொட்டாய். வேலைக்குப் போகும் பெண்களின் கைக்குழந்தைகள் மத்தியானம் வரை அன்னம்மாவின் பொறுப்பு. உத்தரத்திலிருந்து வரிசையாகச் சேலையில் கட்டிய ஏணைகள் தொங்கும். அவள் பருத்த உடம்புக்காரி. கஞ்சிப் பானைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடக்கிறபோதே ஒவ்வோர் ஏணையையும் இடுப்பால் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு போவாள். "இந்த லயத்துல மீசை வச்சிருக்கிறவனெல்லாம் என் மடியில மூத்திரம் போனவன்தான்" என்பது அவளுடைய பெருமை.

அந்தப் பெருமையில் பங்கு கேட்பதுபோல மங்களம் வந்து சேர்ந்தாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் புது ஆசிரியை, மலாக்கா டவுன் பெண், சைக்கிள் ஓட்டுவாள். அதுவரை அன்னம்மாவுக்கு ஏணையாட்ட எட்டு, ஒன்பது வயதுப் பெண்பிள்ளைகள் இருந்தார்கள். மங்களம் லயம் லயமாக ஏறி இறங்கித் தாய்மாரிடம் பேசி, அவர்களை ஒவ்வொருத்தியாகப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போய்விட்டாள். போனவர்கள் போகட்டும். மத்தியானம் திரும்பி வந்து, "டீச்சர் கைக்குட்டையில பூ போட்டிருக்காங்க ஆயாம்மா" என்று அவளிடமே சொல்வதைத்தான் அன்னம்மாவால் பொறுக்க முடியவில்லை.

"அவ வாயில என்ன, தேனா ஒழுகுது?" என்று கேட்டுவிட்டு வெற்றிலைச் சாற்றைத் துப்புவாள். சைக்கிள் மணி கேட்டால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். ஒரு வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில், அவள் மடியில் உட்கார்ந்திருந்த குழந்தை ஒன்று நழுவி இறங்கித் தவழ்ந்துபோய் மங்களத்தின் மடியில் ஏறிக்கொண்டது. அன்று வீட்டில் சோற்றுத் தட்டை அப்படியே நகர்த்தி வைத்துவிட்டுப் படுத்தாள்.

பிறகு லாரிகள் வந்தன. காட்டோரத்தில் மரவள்ளி போட்டு, மாடு வளர்த்துப் பிழைத்த குடும்பங்களை, காட்டிலிருப்பவர்களுக்கு உதவுவார்கள் என்று பட்டாளத்துக்காரர்கள் ஏற்றிக்கொண்டு வந்து வேலிக்குள் இறக்கிவிட்டுப் போனார்கள். அவர்கள் லாரி ஏறியதுமே குடிசைகளுக்குத் தீ வைத்தாயிற்று. தோட்டத்து ஆட்கள் அவர்களை 'லாரிக்காரங்க' என்றார்கள். முனியம்மாவும் அவர்களில் ஒருத்தி. விசாரணைக்கென்று கொண்டுபோன புருஷன் திரும்பவில்லை. அவளுக்குப் புல் வெட்டும் காண்ட்ராக்ட் வேலை கிடைத்தது. பத்து வயது மகள் குஞ்சம்மாவின் இடுப்பில் தவழும் வயதுத் தம்பி காளிதாஸ்.

தோட்டக் கணக்கில் பெயர் இல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் இல்லை. மங்களம் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையைப் போய்ப் பார்த்துப் பார்த்து அதற்கு அனுமதி வாங்கிவிட்டாள். லாரிக்காரப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். குஞ்சம்மா மட்டும் தம்பியோடு ஜன்னலுக்கு வெளியே நின்றாள். அவன் அழுதால் ரப்பர் மரத்தடிக்குப் போய்ச் சமாதானம் செய்துவிட்டு, மறுபடி வந்து நிற்பாள்.

மங்களம் ஆயாக்கொட்டாய்க்கு வந்தாள்.

"ஆயாம்மா, அந்தப் பையனை மட்டும் வச்சுக்கிட்டீங்கன்னா அக்காக்காரி படிச்சிரும்."

"கணக்குல இல்லாத புள்ளைக்குப் பால் மாவு யாரு குடுப்பா? கணக்கு எழுதற கிராணியைப் போய்க் கேளுங்க."

"கேட்டேன். ஆயா சரின்னா எனக்கும் சரிங்கிறாரு."

"நான் சரிங்கலை."

பால் மாவு என்பது வெறும் சாக்குப்போக்கு. வேறு யார் கேட்டிருந்தாலும் பிள்ளை இந்நேரம் ஏணையில் கிடந்திருக்கும். அது அன்னம்மாவுக்கும் தெரியும். அன்று முழுக்க ஏணைகளை வேகம் வேகமாக ஆட்டினாள்.

அந்த வாரமே, கஞ்சி காய்ச்சும் பாக்கியலட்சுமி ஒரு சேதி கொண்டுவந்தாள். "ஸ்கூல்லயே டீச்சர் ஏணை கட்டிட்டாங்க லா."

அன்னம்மா அடுப்பை அவளிடம் விட்டுவிட்டுக் கிளம்பினாள். பள்ளிக்கூட வாசலில் போய் நின்று பார்த்தாள். மங்களத்தின் நீல வாயில் சேலை உத்தரத்திலிருந்து ஏணையாகத் தொங்கியது. ஒரு கையில் சாக்குக்கட்டி, மறு கையில் ஏணைக் கயிறு. முன்வரிசையில் குஞ்சம்மா. அவள் ஏணைப் பக்கமே திரும்பவில்லை. கரும்பலகையைப் பார்த்து உதடுகள் மட்டும் அசைந்தன. பையன் அழுதுகொண்டிருந்தால் அன்னம்மா நிம்மதியாகத் திரும்பிப் போயிருப்பாள். அவன் வாயைத் திறந்துகொண்டு நன்றாகத் தூங்கினான்.

அவள் விறுவிறுவென்று உள்ளே போய்த் தூங்குகிறவனை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"டீச்சரம்மா, பாடம் சொல்றது உங்க வேலை. ஏணை ஆட்டறது என் வேலை. ரெண்டையும் நீங்களே எடுத்துக்கிட்டா நான் எங்க போவேன்?"

"பால் மாவுக்கு...?" என்றாள் மங்களம் மெதுவாக.

"என் தேத்தண்ணிக்கு வர்ற பாலு இருக்கு."

தம்பியோடு போவதற்காகக் குஞ்சம்மா பாதி எழுந்துவிட்டாள்.

"நீ எங்கடி எந்திரிக்கிறே? உக்காரு. எழுது."

இப்போது லாரிக்காரர் வீட்டுக் கைக்குழந்தைகள் எல்லாமே ஆயாக்கொட்டாயில்தான் கிடக்கின்றன. அக்காமார்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்தில். குஞ்சம்மா முதல் புத்தகத்தை எழுத்துக்கூட்டாமல் வாசிக்கிறாள். தோட்டத்துக்கு வந்த கல்வி அதிகாரி இதற்காக மங்களத்தைப் பாராட்டிவிட்டுப் போனார். அதைக் கேட்டு அன்னம்மா இரண்டு நாள் யாருடனும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நேற்று மத்தியானம் மங்களம் ஆயாக்கொட்டாய் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, "காளிதாசு, வர்றியா?" என்று இரண்டு கைகளையும் நீட்டினாள். அவன் சிரித்துக்கொண்டே அவள் பக்கம் தாவினான்.

"புள்ளைக்குச் சளி" என்று சொல்லிவிட்டு, அன்னம்மா அவனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.