கம்போங் செட்டி ஓடையில் குளிக்கலாமா?

மலாக்காவுக்குக் கோட்டை பார்க்கப் போகிறவர்கள் உண்டு. நான் போனது ஓர் ஓடையைப் பார்க்க. மலாயாவில் சுதந்திரக் கொடி ஏறி ஓராண்டு ஆகவில்லை. மலாக்காவின் காஜா பெராங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியனாக இருக்கும் நண்பன் மாணிக்கம் அவசரமாகக் கூப்பிட்டிருந்தான். கம்போங் செட்டி என்ற கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்கு, பின்னால் அவன் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கும் மடுவின் தண்ணீர் கெட்டுவிட்டதாம். கம்பத்துக் கக்கூஸ்தான் காரணம் என்று எழுதிவிட்டு, அடுத்த வாரம் நகர அலுவலகம் வேலி போடுகிறதாம்.

சிரம்பானில் குடிநீர்ச் சோதனைக் கூடத்து உதவியாளன் நான். புட்டிகளையும் மருந்துகளையும் பையில் திணித்துக்கொண்டு சனிக்கிழமை முதல் பஸ் ஏறினேன். தம்பினில் பஸ் மாற வேண்டும். அங்கிருந்து மலாக்கா இருபத்து நான்கு மைல். பஸ் நிலையத்திலிருந்து காஜா பெராங்குக்கு திரிஷா என்ற சைக்கிள் ரிக்ஷாவில் நாற்பது காசு. பேரம் பேசாதீர்கள், மிதிக்கிறவனும் சாப்பிட வேண்டும்.

வழியில் துரைமார் கிளப்பின் நீச்சல் குளம். கொடி மாறியும் வாசல் காவலாளி மாறவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு அந்த மடுவை விட்டால் வேறு தண்ணீர் கிடையாது.

மடுவின் கரையில் குனிந்து பார்த்தேன். சின்ன மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. குமிழி விழாமல் புட்டியை நிரப்பி மருந்து விட்டேன். தண்ணீரில் உயிர்வளி, அதாவது பிராணவாயு, இருந்தால் பழுப்பாகப் படியும், இல்லாவிட்டால் வெள்ளை. வெள்ளையாகப் படிந்தது.

"அப்ப ஆபீஸ்காரனுங்க சொன்னது நெசந்தானா?" என்றான் மாணிக்கம்.

"இரு. கல்லைப் புரட்டுவோம்."

கல்லடியில் மூன்று வால் கொண்ட பூச்சிக் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருந்தன, சில உயிரோடு. பல மாதம் தண்ணீர் நன்றாக இருந்தால்தான் இவை வளரும். புட்டி இன்றைய காலையை மட்டும் சொல்லும். அப்படியானால் கெடுதல் நேற்று வந்தது.

மேலே நடந்தோம். குலக்கோயில் ஒன்றின் கால்வாய் ஓடையில் விழும் இடத்தில் ஒருவர் வாடிய மாலைகளை அள்ளிக்கொண்டிருந்தார். மாணிக்கத்தைப் பார்த்துச் சிரித்தார். இங்குள்ள செட்டிகள் பழைய தமிழ் வணிகர்களின் வம்சம்; நம் சாமியைக் கும்பிட்டாலும் பேசுவது மலாய்.

"செமாலாம் பூஜா, சூசு பாஞ்யா," என்றார்.

"நேத்து பூஜையாம், பால் ரொம்பவாம்," என்ற மாணிக்கம் சட்டென்று நின்றான். "டேய், போன தடவ ஆபீஸ்காரன் வந்தப்பவும் மடுவுல மாலை மிதந்துச்சுடா. அதுவும் பூஜைக்கு மறுநாள்தான்."

குடம் குடமாக அபிஷேகப் பால். வெயில் காலம், ஓடையில் கணுக்கால் தண்ணீர். பால் புளித்தால் உயிர்வளி முழுவதையும் தின்றுவிடும். கால்வாய்க்கு மேலே இன்னொரு புட்டி நிரப்பினேன். நல்ல பழுப்பு. மறுநாள் காலை மடுவிலும் பழுப்பு. மீன்கள் அடிக்குப் போய்விட்டன. மாணிக்கம் சட்டையோடு குதித்தான்.

நோய்க்கிருமியைப் பற்றி இந்தப் புட்டி எதுவும் சொல்லாது. அதனால் இன்னொரு புட்டியைப் பனிக்கட்டியில் வைத்து சிரம்பானுக்குக் கொண்டுவந்தேன். முடிவு வந்தபோது கூடத்திலேயே சிரித்துவிட்டேன்: குளிக்கலாம், குடிக்கக் கூடாது. நான் அனுப்பிய அந்த முடிவை எடுத்துக்கொண்டு மாணிக்கம் நகர அலுவலகத்தில் போய் உட்கார்ந்தான். "கம்பத்துக் கக்கூஸ்தான் காரணம்" என்று பார்க்காமலே எழுதியவர்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. வேலியை மட்டும் கைவிட்டார்கள். பூஜை எப்போது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்க வேண்டிய ஆட்களாக இந்தக் கம்பத்துக்காரர்களை யாரும் நினைக்கவில்லை.

கோயில்காரர்கள் இப்போது பாலைத் தென்னை மரத்தடிக் குழியில் விடுகிறார்கள்.

போகிறவர்களுக்கு: கனமழைக்குப் பிறகு இரண்டு நாள் இறங்காதீர்கள். தண்ணீரை விழுங்காதீர்கள். மேல்பக்கம் சோப்புப் போடாதீர்கள். மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே நின்றால் கரையிலேயே இருங்கள். ஞாயிறு காலை போனால் மாணிக்கத்தின் பிள்ளைகள் மடு முழுக்க இருப்பார்கள். நீந்தத் தெரியாது என்றால் தள்ளிவிடுவார்கள், ஜாக்கிரதை.