இரண்டும் இடது கை

மஹ்ஜபீன் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வெட்டுவதற்குள் பொழுது விடிந்துவிடும் என்று கள்ளக்குறிச்சிப் பெண்கள் கேலி செய்வார்கள். துணியை மடிப்பாள், சாக்பீஸால் ‘வலது’, ‘இடது’ என்று எழுதுவாள், இன்னொரு தரம் பார்ப்பாள், அப்புறம்தான் கத்தரிக்கோலை எடுப்பாள். இதனாலேயே கைசுத்தமான தையற்காரி என்று பெயர் கிடைத்தது. அந்தப் பெயரைக் கேட்டாலே அவளுக்கு உடம்பு கூசும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன், மணலூர்பேட்டைக் கலையரசியின் கல்யாணப் பட்டு ஜாக்கெட்டில் இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டித் தொலைத்தாள். மாற்ற வேறு துணியில்லை. மறுநாள் முகூர்த்தம். கடை நிறையப் பெண்கள் இருக்க, கலையரசியின் அம்மா சத்தம் போட்டாள். மஹ்ஜபீனின் விரல் மூலையைக் காட்டியது. அங்கே கருணாபுரத்துக் குஞ்சம்மாள் ஹூக் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அவதான் வெட்டிக் கெடுத்துட்டா."

குஞ்சம்மாள் அந்தக் கடையில் கத்தரிக்கோலைத் தொட்டதே இல்லை. ஆனால் கூலிக்கு வந்தவள் சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்? கையிலிருந்ததைத் தைத்து முடித்துவிட்டுப் போனாள். அதன்பின் ஊரில் எந்தத் தையல் கடையும் அவளைச் சேர்க்கவில்லை. கரும்பு வெட்டப் போனாள்.

இந்தத் தை மாதம் குஞ்சம்மாளின் மகள் பாரதிக்குக் கல்யாணம் என்று காதில் விழுந்ததும் மஹ்ஜபீனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடையைப் பூட்டிவிட்டுக் கருணாபுரம் போனாள்.

"குஞ்சம்மா, அன்னிக்கி பழிய உன் மேல போட்டுட்டேன். வெக்கமா இருக்குது. பாரதிக்கு நானே தெச்சுத் தர்றேன்."

குஞ்சம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "அன்னிக்கி அத்தினி பேரு எதிர்ல சொன்னீங்க. இன்னிக்கி யாருமில்லாத வூட்ல வந்து சொல்றீங்களேக்கா."

மஹ்ஜபீனின் முகம் சுண்டிப்போனது. இத்தனை வருஷத்தில் துணி வெட்டத்தான் கற்றுக்கொண்டிருக்கிறாள், வேறொன்றையும் கற்கவில்லை. "ஞாயித்துக்கிழமை கடைக்கு வா," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாண சீசன் கூட்டம். தாயும் மகளும் படியேறியதும் மஹ்ஜபீன் மிஷினை நிறுத்தினாள். கலையரசியின் பட்டைக் கெடுத்தது தான்தான், குஞ்சம்மாள் இல்லை என்று எல்லோர் எதிரிலும் சொன்னாள். ஒருத்தி தன் துணியைத் திரும்ப எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

குஞ்சம்மாள் தன் பழைய மூலையை ஒருமுறை பார்த்தாள். பிறகு மகளை முன்னால் தள்ளினாள்.

"ரெண்டு கையையும் அளந்துக்கோங்க," என்றாள்.