ராஜாமணி சிஸ்டர் பட்ட சந்தேகம்

ராஜாமணி சிஸ்டர் இறந்துவிட்டார் என்று போன வாரம் வாட்ஸ்அப்பில் வந்தபோது நான் நம்பவில்லை. உயிரோடு இருப்பவர்களின் படத்துக்கே மாலை போட்டு அனுப்புகிற காலம் இது. நேராக அவருடைய எண்ணுக்கே அழைத்தேன். மகள் எடுத்தாள். "ஆமாங்க்கா, காத்தால நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சு போச்சுங்க" என்றாள். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அன்னூர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவரிடம் கையை நீட்டி பிரஷர் பார்த்துக்கொண்ட உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். போனதும் பார்க்க மாட்டார். கொஞ்ச நேரம் உட்காரவைத்து, ஒருமுறை பார்த்து, அதை எழுதாமல், மறுபடியும் பார்த்துத்தான் எழுதுவார். இந்த அம்மா எந்த எண்ணை எழுதலாம் என்று யோசிக்கிறாரோ என்று எனக்குத் தோன்றும்.

என் பிழைப்பு அப்படி. பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் தரம் பார்க்கிறேன். எவனாவது "எல்லாம் கரெக்டா இருக்குங்க மேடம்" என்றால் முதலில் அவனுடைய அளவுக் கருவியைத்தான் வாங்கிப் பார்ப்பேன். போதாததற்கு, என் அக்காவுக்குக் குழந்தை மூச்சுத் திணறுகிறது என்று சொல்லி அவசர அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். பிறந்ததோ ஊரைக் கூட்டி அழுதது. திணறுகிற குழந்தையா அது? அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்காரர்கள் வாயில் 'ரிஸ்க்' என்ற சொல் வந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் உண்டாகியிருந்தபோது, ஒன்பதாம் மாதத்தில் ஒருநாள் சிஸ்டர் என் அட்டையில் சிவப்பு மையில் 'ஹை ரிஸ்க்' என்று எழுதினார். "பிரஷர் ஏறிப்போச்சுங்க அம்மணி. நூத்தம்பதுக்கு நூறு. இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க" என்றார். நான் வீட்டுக்குத்தான் போனேன். என் மாமனார் பிரஷர் பார்த்துக்கொள்ளும் மிஷின் அங்கே இருந்தது. மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் நூற்றிருபதுக்கு எண்பது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று குதித்தேன்.

மறுநாள் காலை அந்த மிஷினைப் பையில் போட்டுக்கொண்டு போய் அவர் மேசைமேல் வைத்தேன். "உங்க மிஷின்தான் கோளாறு" என்றேன். சிஸ்டர் கோபப்படவில்லை. கையில் சுற்றும் பட்டையை எடுத்து விரித்துப் பார்த்தார்.

"இது யாரு கைக்கு வாங்குனதுங்க?"

"மாமனாருக்கு."

"அவரு நல்ல தாட்டியான ஆளுங்களா?"

என் மாமனார் வாசலில் குனிந்து, கொஞ்சம் சாய்ந்துதான் உள்ளே வருவார். அவர் புஜத்துக்கு வாங்கிய பட்டையை என் குச்சிக் கையில் சுற்றினால் அளவைக் குறைத்துத்தான் காட்டுமாம். என் அளவுக்கான பட்டையைச் சுற்றிப் பார்த்தார். நூற்றறுபதைத் தாண்டியது. ஊரார் கருவியையெல்லாம் சோதிக்கிற நான் கூசிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

"தலைவலி இருக்குங்களா?"

"இல்லைங்க" என்றேன். இரண்டு நாளாக மண்டை பிளந்துகொண்டிருந்தது. சொன்னால் அதையும் சிவப்பு மையில் எழுதிவிடுவாரே!

"பொய் சொல்றீங்க. நெத்தியச் சுருக்கிச் சுருக்கிப் பாக்கறீங்க" என்றவர், ஒரு வாடகைக் காரை வரச்சொல்லி, எனக்கு முன்னால் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டார். நீங்கள் எதற்கு என்று கேட்டேன். "போறேன்னு சொல்லிப்போட்டு நீங்க ஊட்டுக்குப் போயிருவீங்க. உங்க மேல எனக்கு நம்பிக்கை இல்லீங்க" என்றார். அன்று சாயங்காலமே கோவையில் ஆபரேஷன். பெண் குழந்தை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை.

ஒரு குறையும் இல்லாததுதான் மறுபடியும் என்னைக் குடைந்தது. தடுப்பூசிக்குப் போனபோது கேட்டே விட்டேன்: "உள்ளதச் சொல்லுங்க சிஸ்டர். அந்த ஆபரேஷன் தேவைதானா?"

ஊசியைக் கீழே வைத்தார். "தெரியாதுங்க அம்மணி. விட்டிருந்தா சுகப்பிரசவமே ஆயிருக்கலாம். வலிப்பு வந்து ரெண்டு பேருமே போயிருக்கலாம். நடக்காதத நடந்திருக்கும்னு அடிச்சுச் சொன்னா அது பொய்யிங்க. எனக்குப் பயமா இருந்துச்சு. ஒருக்கா நான் பயப்படாம இருந்து, ஒரு பொண்ணு போயிருச்சுங்க."

யார் அந்தப் பெண் என்று நான் கேட்கவில்லை. ஆபரேஷன் வேண்டவே வேண்டாம் என்ற சொந்தக்காரர்களும் சரி, செய்தே ஆகவேண்டும் என்ற டாக்டர்களும் சரி, எல்லோரும் தெரிந்தமாதிரியே பேசினார்கள். தெரியாது என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். அதனால்தான் அவரை நம்பினேன். இன்றைக்கும் அடித்துச் சொல்கிறவர்களை எனக்குச் சந்தேகம்தான். தெரியாது என்பவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது.

சிஸ்டரின் உடலை எடுப்பதற்கு முன்னால் முகம் பார்க்க என் மகளையும் கூட்டிப் போயிருந்தேன். இப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். "இவங்க யாரும்மா?" என்று என் காதில் கேட்டாள்.

"உனக்காக என்னையவிட அதிகமாப் பயந்தவங்க, கண்ணு" என்றேன்.